தினம் ஒரு படம், வீட்டுக்குள்ளிருந்தே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 ஜூன் மாதம், மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வாரத்திலிருந்து எங்கள் மதுரை வீட்டில் தினம் ஒரு போட்டோ எடுத்து வருகிறேன். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், மகள், மகன், அத்தை (வீட்டுக்காரரின் அம்மா) என ஐந்து பேர். ஏழு வருஷம் தாண்டிவிட்டது. சொந்தக்காரர்களும் மகளின் தோழிகளுடைய அம்மாக்களும் இதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். ஒரே பதிலைப் பல பேரிடம் பாதிப் பாதியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

விசேஷத்துக்கெல்லாம்தான் எடுக்கிறோமே, அது போதாதா?

போதாது. எங்கள் அம்மா வீட்டு பீரோவில் மூன்று ஆல்பம் இருக்கிறது. பெரிய மாமா கல்யாணம், என் காதுகுத்து, சித்தி கல்யாணம், புது வீட்டில் பால் காய்ச்சியது. எல்லாப் படத்திலும் பட்டுச்சேலையும் நெற்றி வியர்வையுமாக கேமராவை நேராகப் பார்த்து நிற்கிறோம். ஒரு விசேஷத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான்கு வருஷம், ஐந்து வருஷம். அந்த வருஷங்களில் நாங்கள் எந்தத் தட்டில் சாப்பிட்டோம், எந்தப் பாயில் படுத்தோம், அப்பா எந்த சைக்கிளில் வேலைக்குப் போனார் என்று காட்ட ஒன்றும் இல்லை.

ஒரு படத்தைத் தவிர. அது ஃபிலிம் ரோல் காலம். ஒரு ரோலுக்கு 36 படம். தீபாவளிக்குப் போட்ட ரோல் பொங்கல் தாண்டியும் முடியாமல் கேமராவிலேயே கிடக்கும். கழுவக் கொடுக்க வேண்டுமென்றால் முடித்தாக வேண்டும். அதனால் மிச்சம் இருக்கும் இரண்டு மூன்று படத்துக்கு அப்பா வீட்டுக்குள் கண்ணில் பட்டதை எடுத்துத் தள்ளுவார். 1994-இல் அப்படி எடுத்தது ஒன்று: அடுப்படியில் அம்மா அம்மி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். வலது கை முழுக்க மசால். இடது கையைத் தூக்கி “இதையெல்லாம் ஏன் எடுக்கிறீங்க” என்று தடுக்கிறாள். பின்னால் புகை படிந்த சுவர், ஆணியில் காலண்டர், மண்ணெண்ணெய் ஸ்டவ், அதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்த ஈயச்சட்டி. ஆல்பத்தில் ஒட்ட லாயக்கில்லை என்று அது ஸ்டூடியோ கவரிலேயே இருபது வருஷம் கிடந்தது. இப்போது ஊருக்குப் போனால், மூன்று ஆல்பத்தையும் ஓரமாக வைத்துவிட்டு எல்லோரும் கையில் வாங்கிப் பார்ப்பது அந்த ஒரு படத்தைத்தான். அந்த ஈயச்சட்டி யாரிடம் போனது என்று ஒவ்வொரு தடவையும் பேச்சு வரும்.

நான் தினமும் எடுப்பது, ரோலை முடிக்க எடுக்கிற அந்தப் படம். அவ்வளவுதான்.

உண்மையிலேயே இப்படி வருஷக்கணக்காகச் செய்தவர்கள் உண்டா?

உண்டு. நியூயார்க்கில் இருந்த ஜேமி லிவிங்ஸ்டன் என்பவர் 1979 மார்ச் 31 அன்று தொடங்கி, தினம் ஒரு போலராய்டு படம் எடுத்தார். போலராய்டு என்றால் எடுத்த உடனே கேமராவிலிருந்து பிரிண்ட்டாகவே வெளியே வருவது. திருத்த முடியாது, இன்னொரு பிரதியும் கிடையாது. சாப்பாட்டு மேஜை, நண்பர்கள், தெரு, படுக்கை எல்லாம் அதில் இருக்கிறது. மூளையில் கட்டி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களும் இருக்கின்றன. 1997 அக்டோபர் 25, அவருடைய 41-ஆவது பிறந்தநாள். அன்றுதான் இறந்தார், அன்றைக்கும் ஒரு படம் இருக்கிறது. மொத்தம் 6,000-க்கும் மேல். 2007-இல் நண்பர்கள் அவர் படித்த பார்ட் கல்லூரியில் அத்தனையையும் கண்காட்சியாக வைத்தார்கள்.

தினமும் என்பது பெரிதாகத் தோன்றினால் இன்னொரு வழி. நிக்கலஸ் நிக்சன் என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் 1975 முதல் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் வருஷத்துக்கு ஒரு படம் என்று எடுத்து வந்தார். நான்கு பேரும் ஒவ்வொரு வருஷமும் அதே வரிசையில்தான் நிற்பார்கள். 2014-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நாற்பது வருஷத்துப் படங்களையும் வரிசையாக மாட்டினார்கள். அக்கா தங்கைகள் இருக்கிற வீடுகளில் பொங்கலுக்கு எல்லோரும் சேரும்போது இதை அப்படியே செய்யலாம். செலவே கிடையாது.

என்ன கேமரா வாங்க வேண்டும்?

எதுவும் வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். ஆனால் எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடும் மாவு பிசைந்த கையோடும் போனைத் தூக்குகிறோம், படம் பனி மூட்டம் போல வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முந்தானை ஓரத்தாலோ பனியனாலோ ஒரு துடை துடைத்தால் சரியாகிவிடும்.

அப்புறம், போனைத் திறக்காமலே கேமராவைக் கொண்டுவரும் வழியைப் பழகிக்கொள்ளுங்கள். பல போன்களில் பவர் பட்டனை இரண்டு தடவை அமுக்கினால் வரும். சத்தத்தைக் கூட்டும் பட்டனை அமுக்கியும் படம் எடுக்கலாம். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு எடுக்க இது உதவும்.

எங்கள் வீட்டில் தினமும் ஒரே மாதிரிதானே போகிறது? எதை எடுப்பது?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. எனக்கும் முதல் மாதம் முடிவதற்குள் இந்த இடம் வந்துவிட்டது. இட்லி, யூனிஃபார்ம், வீட்டுப்பாடம், துணி மடிப்பு. நேற்று எடுத்ததையே இன்றும் எடுப்பதாக இருந்தது.

அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். ஒரே மாதிரி என்று நாம் நினைப்பது ஒரே மாதிரி இருப்பதில்லை, மெதுவாக மாறுகிறது. மகளின் பள்ளிக்கூடப் பையை வாசலில் மாட்டியிருப்பதை வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்திருக்கிறேன். முதல் வருஷம் பை முழுக்கப் பொம்மை. இரண்டாவது வருஷம் ஜிப் போய் ஊக்கு மாட்டியிருக்கிறது. 2020-இல் அந்த ஆணியில் பைக்குப் பதில் முகக்கவசம் தொங்குகிறது, அந்த வருஷம் பாடமெல்லாம் போனில் நடந்தது. நான் யோசித்து எடுத்ததல்ல. வாசலைக் கடக்கும்போது எடுத்தது.

அடுப்படி வாசல் பக்கத்துச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வைத்திருந்தோம். 2021 பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்க ஆள் வந்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் சுவர் பளிச்சென்று இருக்கிறது, கோடு எதுவும் இல்லை. அவர் மேல் தப்பில்லை, நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். மகன் அழுதுவிட்டான். அப்போது ஞாபகம் வந்தது: அதற்கு மூன்று மாதம் முன்பு ஒரு மழை நாளில், எடுக்க வேறொன்றும் கிடைக்காமல் அந்தச் சுவரை எடுத்திருந்தேன். தேடி எடுத்தோம். பதினொரு கோடு. பக்கத்தில் சுவிட்ச் போர்டும் படத்தில் இருந்தது. போர்டின் உயரத்தை டேப்பால் அளந்து, அந்தக் கணக்கை வைத்து ஒவ்வொரு கோட்டையும் என் வீட்டுக்காரர் திரும்பப் போட்டார். ஒரு விரற்கடை முன்பின் இருக்கலாம். மகன் ஒத்துக்கொண்டான்.

ஆகவே எடுக்க ஒன்றும் இல்லாத நாளில் ஏதாவது ஒரு சுவரை எடுங்கள். இல்லையென்றால் ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே இருப்பதை, பீரோ மேல் ஏற்றி வைத்திருப்பதை, மளிகைச் சீட்டை (விலையோடு), மின்சார அட்டையை. வேலை செய்கிற கைகளை எடுங்கள். பூக்கட்டும் கை, சைக்கிள் செயின் மாட்டும் கை. முகம் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டை விட்டு வெளியே போகப்போகிற பொருளைக் கட்டாயம் எடுங்கள்: பழைய இரும்புக்காரருக்குப் போடும் கட்டில், எக்ஸ்சேஞ்சில் போகிற கிரைண்டர், விற்கப்போகிற வண்டி.

எந்த நேரத்தில் எடுப்பது நல்லது?

நேரம் குறித்து வைத்துக்கொண்டால் முதல் மாதம் சுலபமாக இருக்கும். ஆனால் எல்லாப் படமும் காலை ஏழரை மணிப் படமாகவே ஆகிவிடும். எனக்கு அப்படி ஆனது, முதல் 40 படத்தில் 31 டிபன் பாக்ஸ். அதற்குப் பிறகு நேரத்தை விட்டுவிட்டு இரவு 9 மணிக்கு அலாரம் மட்டும் வைத்தேன். அதற்குள் எடுத்திருந்தால் சரி, எடுக்கவில்லையென்றால் அந்த நேரத்தில் வீடு எப்படி இருக்கிறதோ அது அன்றைய படம். அதனால்தான் எங்களிடம் கொசுவலைப் படங்கள் நிறைய இருக்கின்றன.

வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை. படம் மங்கலாக, கோடு கோடாக வருகிறது. என்ன செய்வது?

பகலில் என்றால் ஜன்னல்தான் விளக்கு. எடுக்கப்படுபவரின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது, முகம் கறுத்துவிடும். பக்கவாட்டில் இருந்தால் முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் மெல்லிய நிழலும் விழும். அரிசி புடைக்கிறவர், பூக்கட்டுகிறவர் எல்லாம் தாங்களாகவே ஜன்னல் பக்கம்தான் உட்காருவார்கள், அவர்களுக்கும் வெளிச்சம் வேண்டுமே. பகலில் ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், குண்டு பல்பு ஒரு நிறம், ட்யூப்லைட் ஒரு நிறம். மூன்றும் ஒரே முகத்தில் விழுந்தால் எந்த போனும் குழம்பும்.

கோடு கோடாக வருவது ட்யூப்லைட்டால். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதனால் சோக் போட்ட பழைய ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போன் கேமராவில் புரோ என்ற பகுதி இருந்தால் ஷட்டரை (வெளிச்சம் உள்ளே விடும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்துப் பாருங்கள், கோடு போய்விடும். மட்டமான எல்இடி பல்புக்கும் இதே வைத்தியம்.

ஓடுகிற குழந்தை மங்கலாக வருவது வேறு விஷயம். இருட்டில் கேமரா ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கிறது, அதற்குள் குழந்தை இரண்டடி போய்விடுகிறது. வாசலுக்கு வரும்போது எடுங்கள். இல்லை, மங்கலாகவே இருக்கட்டும். மகன் இரண்டு வயதில் நிஜமாகவே அப்படித்தான் இருந்தான்.

ஒரு நாள் தவறிவிட்டால்?

மறுநாள் எடுங்கள். அதற்காக நிறுத்திவிடாதீர்கள். பாஸ்டனில் கார்ல் பேடன் என்பவர் 1987 பிப்ரவரியிலிருந்து தினமும் தன் முகத்தையே எடுத்து வருகிறார், அவரும் 1991-இல் ஒரு நாள் மறந்துபோனார். நேற்றைக்கு என்று சொல்லி இன்று ஒன்றை எடுத்து நிரப்புவது மட்டும் வேண்டாம். எதை நம்புவது என்று பின்னால் நமக்கே தெரியாமல் போகும்.

தினம் ஒன்றுதானா? பத்து இருபது எடுத்தால் என்ன?

எடுங்கள், ஆனால் அன்றிரவே ஒன்றைப் பொறுக்குங்கள். மீதியை அழித்தாலும் சரி, தனியாக வைத்தாலும் சரி. பொறுக்குவதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளினால் அது ஒருநாளும் நடக்காது.

கேமராவைப் பார்த்ததும் பிள்ளைகள் விரலைக் காட்டி நிற்கிறார்கள், இல்லையென்றால் ஓடுகிறார்கள்.

“இங்கே பார், சிரி” என்று சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தச் சொல்லுக்குத்தான் அந்தச் சிரிப்பு. நான் என்ன செய்தேன் என்றால், அவர்கள் ஏதாவது வேலையில் இருக்கும்போது பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, ஒரு படம் எடுத்து, போனை உள்ளே வைத்துவிடுவேன். இரண்டாவது எடுக்க மாட்டேன், காட்டவும் மாட்டேன். மூன்று நான்கு வாரத்தில் அவர்களுக்கு அது நான் தலை சீவுவது மாதிரி ஆகிவிட்டது. தரையில் உட்காருவது முக்கியம். நின்றுகொண்டு எடுத்தால் குழந்தையின் உச்சந்தலைதான் வரும்.

பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். கண் படும், ஆயுள் குறையும் என்கிறார்கள்.

அந்தப் பயத்தை மதிக்க வேண்டும். பச்சைக் குழந்தையை எடுக்கக் கூடாது என்று சொல்லும் வீடுகளில் குழந்தையின் கையை மட்டும், தொட்டிலை மட்டும், காயும் துணியை மட்டும் எடுங்கள். அதுவே நிறைவாக இருக்கும்.

எங்கள் அத்தை முதல் ஆறு மாதம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். “தலை சீவலை, நல்ல சேலை கட்டலை, இப்ப வேண்டாம்த்தா” என்பார்கள். நானும் வற்புறுத்தவில்லை. அவர்கள் அரிவாள்மனையில் சின்ன வெங்காயம் அரியும்போது கையை மட்டும் எடுத்தேன். ஒரு நாள் அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அதற்குப் பதில் கறுப்பு நூல் கட்டிக் காதில் சுற்றியிருந்த காலம் அது. “இது எங்க அம்மா கை மாதிரில்ல இருக்கு” என்றார்கள். அவர்களுடைய அம்மாவுக்குப் போட்டோவே கிடையாது. எனக்கு அன்றுதான் அது தெரியும். மறுநாள் காலையில் அவர்களே கூப்பிட்டார்கள், பூக்கட்டும்போது எடுக்கச் சொல்லி. பிறகு கண்புரை ஆபரேஷன் நடந்து, கண்ணாடி மாறிவிட்டது. நூல் கட்டிய கண்ணாடியோடு அத்தை இருக்கிற படம் எங்களிடம் ஒன்பது இருக்கிறது.

எடுப்பது நான். எந்தப் படத்திலும் நான் இல்லையே?

இதைத்தான் நான் எல்லோரிடமும், முக்கியமாக அம்மாக்களிடம், கையைப் பிடித்துச் சொல்வேன். எங்கள் ஊரில் ஒரு பெரியம்மா இறந்தபோது மாலை போட ஒரு படம் வேண்டும் என்று வீடு முழுக்கத் தேடினார்கள். நாலு பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்த பெண். எல்லாக் கல்யாண ஆல்பத்திலும் அவர் பந்தியில் குனிந்து பரிமாறுகிறார், இல்லையென்றால் குரூப்பில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகம். கடைசியில் வாக்காளர் அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கி, ஸ்டூடியோவில் பச்சைச் சேலை உடுத்தி, சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். அவர் பச்சை கட்டி யாரும் பார்த்ததில்லை.

ஆகவே வாரத்தில் ஒரு நாள் போனைக் கையை விட்டுக் கொடுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் படம் பிள்ளைகளுடையது. மகன் ஐந்து வயதில் எடுத்ததில் நான் தோசைக்கல் முன்னால் மலை மாதிரி நிற்கிறேன், தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. அந்த வயதில் அவனுக்கு நான் எப்படித் தெரிந்தேன் என்பது அதில் இருக்கிறது. எடுத்துக் கொடுக்க ஆள் இல்லையென்றால் டைமரை 10 நொடிக்கு வைத்து, போனை சம்படத்தில் சாய்த்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். நைட்டியில் இருக்கிறேன், கொண்டை போட்டிருக்கிறேன் என்று தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பிள்ளைகள் தினமும் பார்க்கிற அம்மா அந்தக் கொண்டை போட்ட அம்மாதான்.

சண்டை, நோய், சாவு நடக்கிற நாட்களில் என்ன செய்வது?

எடுக்கலாம், ஆனால் மனிதர்களை விட்டுவிடுங்கள். நானும் அவரும் பேசாமல் இருந்த ஒரு நாளின் படம் இரண்டு தம்ளர் காபி. இரண்டிலும் ஆடை படிந்திருக்கிறது. குறிப்பில் தேதி மட்டும் எழுதியிருக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

2022-இல் என் அப்பா பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். குழாய் மாட்டிய அவரை எடுக்கத் தோன்றவில்லை. எடுக்கட்டுமா என்று கேட்டால் பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லை. ஃப்ளாஸ்க்கை எடுத்தேன், நீல பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்தேன், தம்பி கையில் சுருண்டுபோன பஸ் டிக்கெட்டை எடுத்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டேன், அது அவர்களுடைய கஷ்டம். அப்பா இறந்த அன்று எடுக்கவில்லை. அந்தத் தேதிக்கு எதிரே ஒன்றும் இல்லை, அப்படியே விட்டிருக்கிறேன். மறுநாள் படம், வாசலில் வந்தவர்கள் கழற்றிவிட்ட செருப்புகள். அப்பாவின் செருப்பும் அதற்குள்ளேயே கிடந்ததை ஒரு மாதம் கழித்துத்தான் படத்தில் பார்த்தேன்.

படத்தோடு ஏதாவது எழுத வேண்டுமா?

கட்டாயம். ஒரே ஒரு வரி. யார், எங்கே, முடிந்தால் அப்போது யாராவது சொன்ன ஒரு சொல். “ரசத்தில் உப்பு இல்லை என்று அத்தை, இருக்கிறது என்று இவர்.” “கரண்ட் போய் ஒன்றரை மணி நேரம்.” “பல் விழுந்தது, ஓட்டின் மேல் போட்டாயிற்று.” படத்தில் முகம் இருக்கும், பேச்சு இருக்காது. 1994 அடுப்படிப் படத்தில் அம்மா என்ன சொன்னாள் என்று அம்மா சொன்னதால்தான் எனக்குத் தெரியும். நான் ஒரு பழைய டைரியில் எழுதுகிறேன். போனிலேயே எழுதினாலும் சரிதான், படத்தோடு அதையும் காப்பி எடுத்துவையுங்கள்.

எங்கே சேமித்து வைப்பது? எவ்வளவு இடம் பிடிக்கும்?

ஒரு படம் சுமார் 4 எம்பி என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு ஒன்றரை ஜிபிதான். பத்து வருஷத்துக்கு 15 ஜிபி. கூகுள் இலவசமாகத் தரும் இடமும் 15 ஜிபிதான், ஆனால் அதில் மெயிலும் மற்றதும் சேர்த்தி. முன்பு படங்களுக்குக் கணக்கில்லாமல் இடம் தந்தார்கள், 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டார்கள்.

2019-இல் திரை உடைந்த போனை ஒரு கடையில் கொடுத்தேன். திரை புதிதாக வந்தது, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துக் கொடுத்துவிட்டார்கள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. 47 நாள் போய்விட்டது. மகனின் முதல் நடை அதில் இருந்தது. அன்றிலிருந்து மூன்று இடத்தில் வைக்கிறேன்: போன், வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க், இணையக் கணக்கு. வீட்டுக்கே தண்ணீர் புகுந்தாலும் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. மாதம் பிறந்ததும் கரண்ட் பில், பால் கணக்கோடு சேர்த்து இதையும் முடித்துவிடுவேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருக்கிறேன், அதுவே போதும் என்று நினைக்காதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், படத்துக்குள் பதிந்திருக்கும் எடுத்த தேதியையும் நீக்கிவிடும். சின்ன பிரிண்ட்டுக்கு ஒருவழியாகத் தாங்கும், பெரிதாக்கினால் தாங்காது. முழுசாக அனுப்ப வேண்டுமென்றால் டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்புங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் 2024-01-15 என்று வையுங்கள், தானாகவே வரிசையாக நிற்கும்.

பிரிண்ட் போட வேண்டுமா?

வேண்டும், எல்லாவற்றையும் அல்ல. நான் மாதத்துக்கு ஐந்து, வருஷத்துக்கு அறுபது போடுகிறேன், 4×6 அளவில். பின்பக்கம் பென்சிலால் தேதி. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும். பசை தடவிய அட்டையும் மேலே பிளாஸ்டிக் தாளுமாக வரும் ஆல்பம் வேண்டாம், நாளாக ஆக அட்டை மஞ்சளாகி, படம் அதோடு ஒட்டிக்கொள்ளும். வெயில் படுகிற சுவரில் மாட்டினால் நிறம் போய்விடும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் சித்தி வீட்டு ஆல்பங்கள் நனைந்துவிட்டன. அவசரப்பட்டு அப்படியே காயப்போட்டதில் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிட்டது. நனைந்த படங்களைக் காயவிடாமல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மெதுவாகப் பிரித்து, படம் மேலே பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக நிழலில் உலர்த்த வேண்டும். அப்போது இதைச் சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை.

வெளியில் போடலாமா?

நான் போடுவதில்லை. குளிக்கும் குழந்தை, பள்ளிக்கூடப் பெயர் தெரியும் சட்டை, வீட்டு எண், இவையெல்லாம் வீட்டோடு இருக்கட்டும். இடத்தின் குறிப்பும் படத்துக்குள் பதிந்திருக்கலாம், கேமரா அமைப்பில் அதை அணைத்துவிடலாம். மகள் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது, தன் படங்களில் இருபத்திரண்டை அழிக்கச் சொன்னாள். இருபத்திரண்டையும் அவள் முன்னாலேயே அழித்தேன். மூன்று இடத்திலும். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் முகம் அவளுடையது. அதற்குப் பிறகு அவள் ஓடி ஒளிவதில்லை.

எப்போது திரும்பிப் பார்ப்பது?

ஒவ்வொரு வருஷமும் ஜூன் முதல் ஞாயிறு, கூடத்தில் ஜமுக்காளம் விரித்து அந்த வருஷத்து அறுபதையும் பரப்பிவிடுவோம். அத்தை மட்டும் நாற்காலியில். போன வருஷம் பெரிய சண்டை எதற்கு என்றால், ஒரு படத்தில் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் யார் கட்டியது என்பதற்கு. டைரியில் அன்றைக்கு “மாவு புளித்துவிட்டது” என்று மட்டும் எழுதியிருக்கிறேன். இன்னும் தீரவில்லை. அந்த ரிப்பன் இன்றும் அங்கேதான் இருக்கிறது, நிறம் வெளுத்துவிட்டது. நேற்று அதை ஒரு படம் எடுத்தேன்.